கைபேசிச் செயலியையும் சோதித்துப் பார்த்தே பரிந்துரைப்போம்

(உழவர் பயிற்சி முகாம் ஒன்றில் ஆற்றிய உரை)



புதிதாக ஒரு நெல் ரகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? இருக்கிற நிலம் முழுவதிலும் அதையே விதைத்துவிட மாட்டீர்கள். பத்து சென்டில் போட்டுப் பார்ப்பீர்கள். பக்கத்து வயலில் பழைய ரகமும் இருக்கும். தூர் கட்டுவது எப்படி, பூச்சி தாங்குமா, அறுவடையில் மூட்டை எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த பட்டத்தில் நிலத்தைக் கூட்டுவீர்கள். பல்கலைக்கழகமும் ஒரு ரகத்தைப் பல இடங்களில், பல பருவங்களில் ஒப்பீட்டுத் திடல் போட்டுப் பார்த்த பின்பே வெளியிடுகிறது.

ஆனால் கைபேசியில் ஒரு செயலியை, அதாவது நீங்கள் ஆப் என்று சொல்வதை, இறக்கிக்கொள்ளும்போது இந்த நிதானம் நம்மிடம் இருப்பதில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பினார், மச்சான் நன்றாக இருக்கிறது என்றார், நான்கு நட்சத்திரம் போட்டிருந்தது என்று இறக்கிவிடுகிறோம். பிறகு அது சொன்னதை நம்பி மருந்து தெளிக்கிறோம், நெல்லைக் களத்தில் காயப்போடுகிறோம், வண்டி பேசி விளைபொருளைச் சந்தைக்கு ஏற்றுகிறோம். ஆக, விதையில் காட்டும் எச்சரிக்கையைச் செயலியிலும் காட்ட வேண்டியது மிகவும் அவசியமாகும்.

இதில் இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. இந்த இதழைப் படிக்கும் நீங்கள் உங்கள் ஊரில் விவரம் தெரிந்தவர். "எந்த ஆப் நல்லது, சொல்லுப்பா" என்று பெரியவர்கள் உங்களிடம்தான் கைபேசியை நீட்டுகிறார்கள். நீங்கள் ஒன்றைச் சொன்னால் பத்து வீட்டில் அது ஏறிவிடும். அது தவறாக இருந்தால் பத்து வீட்டுக்கும் நட்டம். எனவே நல்ல செயலியை எப்படிக் கண்டுகொள்வது, எப்படிச் சோதிப்பது, எப்படிப் பிறருக்குச் சொல்வது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் தேவை, பிறகு செயலி

"எது சிறந்த செயலி?" என்ற கேள்விக்கு விடை கிடையாது. "எது சிறந்த உரம்?" என்று கேட்பது போன்றது அது. எந்தப் பயிருக்கு, எந்த மண்ணுக்கு, எந்த நேரத்தில் என்று தெரியாமல் விடை சொல்ல இயலாது.

ஆகவே முதலில் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டத்தில் எந்தெந்த முடிவுகளில் உங்களுக்குப் பணம் போகிறது என்று எழுதுங்கள். தண்ணீர் பாய்ச்சுவதா, இரண்டு நாள் பொறுப்பதா? மருந்து இன்று தெளிப்பதா, நாளையா? எந்தச் சந்தையில் விற்பது? அறுவடை இயந்திரம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும்? எந்தத் திட்டத்தில் மானியம் உண்டு? இவற்றில் இரண்டு அல்லது மூன்றுதான் உங்களுக்கு உண்மையான தலைவலியாக இருக்கும். அவற்றுக்கு மட்டும் செயலி தேடினால் போதும். அகல உழுவதை விட ஆழ உழுவது மேல் அல்லவா? இருபது செயலிகளை ஏற்றி எதையும் திறக்காமல் இருப்பதைவிட, மூன்றை வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பது பலன் தரும். கைபேசியில் இடமும் மிச்சம், இணையச் செலவும் மிச்சம்.

அறிமுகத்துக்குச் சில பெயர்களைச் சொல்கிறேன். தமிழ்நாடு அரசின் "உழவன்" செயலி 2018-ம் ஆண்டு ஏப்ரலில் வெளிவந்தது. மானியத் திட்டங்கள், உர இருப்பு, விதை இருப்பு, பயிர்க் காப்பீடு, இயந்திர வாடகை, சந்தை விலை, வானிலை, உதவி வேளாண்மை அலுவலரின் வருகை உள்ளிட்ட 9 சேவைகளுடன் தொடங்கியது. பின்னர் சேவைகள் பெருகின. "மேகதூத்" என்ற செயலி 2019-ல் வந்தது. இந்திய வானிலை ஆய்வுத் துறையும், புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும், இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து உருவாக்கியது இது. வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரைகளை இதில் காணலாம். அதே புனே நிறுவனத்தின் "தாமினி" செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் இடி மின்னல் இருந்தால் எச்சரிக்கும். இவை அரசு நிறுவனங்கள் வெளியிட்டவை என்பதால் தொடங்குவதற்கு ஏற்றவை. ஆனால் இவற்றையும் உங்கள் ஊரில் சோதித்த பிறகே நம்ப வேண்டும்.

யார் கொடுத்தது? எங்கிருந்து வந்தது?

விதை வாங்கும்போது சான்று அட்டையைப் பார்க்கிறோம். செயலிக்கும் அப்படி ஓர் அட்டை உண்டு. பிளே ஸ்டோரில் செயலியின் பெயருக்குக் கீழே அதை வெளியிட்டவர் பெயர் இருக்கும். கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்ற தேதியும் இருக்கும். அரசுச் செயலி என்று பெயர் இருந்து, வெளியிட்டவர் பெயர் யாரோ தனியாராக இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்படாத செயலியில் பழைய விலையும் முடிந்துபோன திட்டமும் இருக்கக்கூடும்.

நட்சத்திரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவை நாடு முழுவதும் உள்ளவர்கள் போட்டவை. பஞ்சாபில் கோதுமை விளைவிப்பவருக்கு உதவிய செயலி, உங்கள் மஞ்சளுக்கு உதவும் என்பதற்கு அதில் உத்தரவாதம் இல்லை. நட்சத்திரத்தை விடுத்து, கீழே எழுதியிருக்கும் குறைகளைப் படியுங்கள். "ஓடிபி வருவதில்லை", "விலை ஒரு வாரம் பழையது", "என் மாவட்டம் இல்லை" என்பன போன்ற வரிகளே நமக்குப் பயன்படும்.

எல்லாவற்றிலும் முக்கியமான விதி ஒன்று உண்டு. வாட்ஸ்அப்பிலோ குறுஞ்செய்தியிலோ வரும் ஏபிகே என்ற கோப்பைத் தொடவே கூடாது. பி.எம். கிசான் உதவித்தொகையின் பெயரைச் சொல்லி இப்படிப் போலிக் கோப்புகள் அனுப்பப்பட்டன. பல மாநிலங்களின் காவல் துறையினர் இதுபற்றி எச்சரித்துள்ளனர். இந்தக் கோப்பை நிறுவியதும், குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால் வங்கி அனுப்பும் ஓடிபி உங்களுக்கு வரும்போதே மோசடிக்காரருக்கும் போய்விடும். பணம் போனது தெரிந்த உடனே, ஒரு நிமிடமும் தாமதிக்காமல், 1930 என்ற எண்ணுக்குப் பேசுங்கள்; வங்கிக்கும் சொல்லுங்கள். விரைந்து சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

அனுமதி கேட்டால் காரணம் கேளுங்கள்

செயலி ஒன்றைத் திறந்ததும் "இடம் அறிய அனுமதி", "கேமரா அனுமதி", "தொடர்பு எண்கள் அனுமதி" என்று வரிசையாகக் கேட்கும். ஒவ்வொன்றிலும் "இது எதற்கு?" என்று உங்களையே கேளுங்கள். மழை சொல்லும் செயலிக்கு நீங்கள் இருக்கும் இடம் தெரிய வேண்டும், அது நியாயம். இலையைப் படம் எடுக்கும் செயலிக்குக் கேமரா வேண்டும், அதுவும் நியாயம். ஆனால் கைவிளக்குச் செயலிக்கு உங்கள் சம்பந்தியின் தொலைபேசி எண் எதற்கு? காரணம் புரியாத அனுமதியை மறுத்துவிடுங்கள். மறுத்தும் செயலி வேலை செய்தால் அது தேவையில்லாத அனுமதி என்பது விளங்கிவிடும்.

கடன் தரும் செயலிகளில் இந்த எச்சரிக்கை இரு மடங்கு தேவை. செயலி மூலம் கடன் கொடுப்போர், கடன் வாங்குபவரின் தொடர்பு எண்கள், படங்கள், அழைப்புப் பட்டியல் ஆகியவற்றைத் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி செய்தது. 2025-ல் வந்த நெறிமுறைகளிலும் இது உள்ளது. ஆகவே தொடர்பு எண்களைக் கேட்கும் கடன் செயலி எதுவாயினும், அது விதியை மீறுகிறது என்று பொருள். அவசரப் பணம் தேவைப்படும் நேரத்தில் இது நினைவில் இருக்கட்டும். நாளை தவணை தவறினால் உறவினர் அனைவருக்கும் வசைச் செய்தி போவது இந்த ஓர் அனுமதியால்தான்.

பணம் அனுப்பும் செயலிகளைப் பற்றியும் ஒன்று. உங்கள் யூபிஐ பின் எண் பணம் அனுப்பவும் இருப்புப் பார்க்கவும் மட்டுமே. பணம் பெறுவதற்கு அது தேவையே இல்லை. "மாட்டுக்கு முன்பணம் அனுப்புகிறேன், பின் எண்ணைப் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் அது மோசடியே.

முப்பது நாள் சோதனை

இப்போது சோதனைக்கு வருவோம். மழைச் செயலியை எடுத்துக்கொள்ளலாம். நேரான சுவருள்ள, அடி தட்டையான தகரக் குவளை ஒன்றைத் திறந்த வெளியில் வையுங்கள். தினமும் காலையில் அளவுகோலால் எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால்தான் வானிலைத் துறை அதை மழைநாள் என்று கணக்கிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீர். நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். செயலி முந்தின நாள் சொன்னது ஒன்று; நடந்தது மற்றொன்று.

ஓர் உதாரணம் பார்ப்போம். முப்பது நாளில் செயலி 12 நாள் மழை என்றது. அதில் 7 நாள் பெய்தது, 5 நாள் பெய்யவில்லை. செயலி சொல்லாமலே 2 நாள் பெய்தது. மீதி 16 நாள் மழை இல்லை என்றது, மழையும் இல்லை. ஆக 30-ல் 23 நாள் சரி. நல்ல செயலிதான் என்று தோன்றுகிறது அல்லவா?

சற்றுப் பொறுங்கள். உங்கள் ஊரில் ஒருவர் வானத்தையே பார்க்காமல் தினமும் "மழை வராது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவருக்கு எத்தனை நாள் சரியாக இருக்கும்? மழை பெய்யாத நாட்கள் 5-ம் 16-ம் சேர்த்து 21. செயலிக்கு 23, அவருக்கு 21. ஆனால் பெய்த 9 மழையில் அவர் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. செயலி 7-ஐச் சொன்னது. எனவே மொத்தத்தில் எத்தனை சரி என்று எண்ணுவது போதாது. பெய்த மழையில் எத்தனையைச் சொன்னது, சொன்னதில் எத்தனை பொய்த்தது என்று இரண்டையும் தனித்தனியே எண்ண வேண்டும்.

இந்த இரண்டில் எது உங்களைப் பாதிக்கும் என்பது வேலையைப் பொறுத்தது. களத்தில் நெல் காயும்போது சொல்லாமல் வரும் மழைதான் நட்டம். பயிருக்குத் தண்ணீர் நிறுத்திவிட்டு மழைக்குக் காத்திருக்கும்போது, சொல்லிவிட்டு வராத மழைதான் நட்டம். ஒரே செயலி ஒரு வேலைக்கு நல்லதாகவும் இன்னொன்றுக்கு ஆகாததாகவும் இருக்கலாம். கோடை இடிமழை ஒரு ஊரில் கொட்டி அடுத்த ஊரில் தூறலும் இல்லாமல் போவதுண்டு. ஆகையால் அந்தப் பருவத்துக்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் தனித்தனியே சோதியுங்கள்.

சோதனையின்போது இன்னொன்றையும் பாருங்கள். வயலுக்கு நடுவே நின்று செயலியைத் திறந்தால் திறக்கிறதா? சிக்னல் இல்லாத இடத்தில் மின்னல் எச்சரிக்கை வந்து சேராது. அங்கே பழைய கணக்கே துணை. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். 30 வினாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. வேலையை நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், மரத்தடிக்குப் போகாதீர்கள்.

சந்தை விலை: எண்ணைப் பார்க்காதே, கணக்கைப் பார்

விலைச் செயலிகளில் குறைந்த விலை, அதிக விலை, பெரும்பாலும் விற்ற விலை என்று மூன்று இருக்கும். நம் கண் அதிக விலையில்தான் போய் நிற்கும். அது முதல்தரச் சரக்கு இரண்டு மூட்டைக்குக் கிடைத்த விலையாகவும் இருக்கலாம். பெரும்பாலும் விற்ற விலையையும், அது எந்தத் தேதியில் பதிவானது என்பதையும் பாருங்கள்.

பிறகு கணக்குப் போடுங்கள். உங்களிடம் 20 குவிண்டால் மக்காச்சோளம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொலைவிலுள்ள சந்தையில் குவிண்டாலுக்கு 80 ரூபாய் கூடுதல் என்று செயலி காட்டுகிறது. மொத்தம் 1,600 ரூபாய் கூடுதல். வண்டி வாடகையும் ஏற்றுகூலி இறக்குகூலியும் உள்ளூரைவிட 2,500 ரூபாய் அதிகமானால் 900 ரூபாய் நட்டம். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே வண்டியில் ஏற்றினால் இதே கணக்கு இலாபமாக மாறும். செயலி விலையை மட்டுமே சொல்லும், கணக்கு நம்முடையது.

ஒரு வாரம், அடுத்துள்ள ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போய்வருவோரிடம் உண்மையில் கிடைத்த விலையைக் கேட்டுச் செயலி விலைக்குப் பக்கத்தில் எழுதுங்கள். வித்தியாசம் எப்போதும் ஒரே அளவாக இருந்தால் அந்தச் செயலியைப் பயன்படுத்தலாம். ஒருநாள் கூடி ஒருநாள் குறைந்தால் பயனில்லை.

படம் பார்த்து நோய் சொல்லும் செயலிகள்

இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் இப்போது பல உள்ளன. 2018-ல் மக்காச்சோளப் படைப்புழு நம் நாட்டுக்குள் நுழைந்த அதே ஆண்டில், உலக உணவு வேளாண்மை நிறுவனம் அந்தப் புழுவைக் கண்காணிக்கவென்றே ஒரு செயலியை வெளியிட்டது. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் சேதத்தில் இவை நன்கு உதவுகின்றன.

ஆனால் மஞ்சள் நிறம் என்ற ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் உண்டு. நெல்லில் தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் வெளுக்கும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகள் முதலில் வெளுக்கும். பச்சைத் தத்துப்பூச்சி பரப்பும் துங்ரோ நோயிலும் இலை மஞ்சளாகும். வடிகால் இல்லாவிட்டாலும் மஞ்சளாகும். ஒற்றை இலையைக் கிள்ளி வைத்துப் படம் எடுத்தால், அது முதிர்ந்த இலையா, இளம் இலையா, வயலில் எங்கே இருந்தது என்பது செயலிக்கு எப்படித் தெரியும்? குலைநோய் வந்த வயலில் சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போட்டால் நோய் இன்னும் பெருகும்.

ஆகவே இப்படிச் சோதியுங்கள். என்ன நோய் என்று உங்களுக்கு ஐயமறத் தெரிந்த செடியை, வெவ்வேறு பக்கமிருந்து ஐந்து படம் எடுங்கள். ஐந்துக்கும் ஒரே பெயர் வந்து, அது சரியான பெயராகவும் இருந்தால் ஓரளவு நம்பலாம். படத்துக்கு ஒரு பெயர் வந்தால் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள். கேள்வி கேட்டால் பதில் பேசும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கும் இதே முறைதான். விடை தெரிந்த கேள்வியை முதலில் கேளுங்கள். நோயின் பெயரைச் சொன்ன கையோடு மருந்தையும் விற்கும் செயலியானால் கூடுதல் கவனம் தேவை. மருந்தின் அளவைச் செயலியிலிருந்து எடுக்காமல் டப்பாவின் அட்டையிலிருந்து எடுங்கள். ஐயம் இருந்தால் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தை அழையுங்கள். 2004-ல் தொடங்கிய இச்சேவை கட்டணமில்லாதது. காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை தமிழிலேயே பேசலாம்.

நிலம் அளக்கும் செயலிகள்

வரப்பைச் சுற்றி நடந்தால் பரப்பைச் சொல்லும் செயலிகளும் உள்ளன. கைபேசியின் ஜிபிஎஸ் திறந்தவெளியில்கூடச் சில மீட்டர் தவறக்கூடியது. சதுரமான ஐந்து ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 142 மீட்டர். பக்கத்துக்கு 3 மீட்டர் கூடக் காட்டினால் 5.2 ஏக்கர் என்று வரும். அது பெரிய பிழையில்லை. ஆனால் பத்து சென்டின் ஒரு பக்கம் 20 மீட்டர்தான். அதே 3 மீட்டர் கூடினால் 13 சென்ட் ஆகிவிடும்! எனவே பெரிய வயலுக்கு விதையும் உழவுக் கூலியும் கணக்கிட இது உதவும். சிறு துண்டுக்கும் வரப்புத் தகராறுக்கும் உதவாது. செயலியைக் காட்டி அண்ணன் தம்பி சண்டை போட வேண்டாம். அதற்கு நில அளவரும் புல வரைபடமும் இருக்கின்றன.

பிறருக்குச் சொல்லும் முறை

இத்தனையும் பார்த்த பிறகு ஒரு செயலி நல்லது என்று முடிவு செய்கிறீர்கள். அதை மற்றவர்களுக்குச் சொல்லும்போது கீழ்க்கண்டவற்றைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

1. எந்த வேலைக்கு நல்லது. "மழைக்கு நல்லது, விலைக்கு ஆகாது" என்று பிரித்துச் சொல்ல வேண்டும்.

2. எத்தனை நாள், எந்தப் பருவத்தில் சோதித்தீர்கள்.

3. எதில் தவறுகிறது. குறையைச் சொல்லாத பரிந்துரை விளம்பரமாகிவிடும்.

4. எந்த அனுமதி கொடுக்கலாம், எது கூடாது.

5. தமிழில் இருக்கிறதா, குறைந்த விலைக் கைபேசியில் ஓடுமா.

இணைப்பை அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையாலேயே மூன்று முறை திறந்து பார்க்கச் செய்யுங்கள். ஓடிபியை உங்களிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்று அவருக்குப் பழக்குங்கள். நாளை வேறொருவர் கேட்கும்போது அந்தப் பழக்கம் காப்பாற்றும். வீட்டுப் பெண்களை மறந்துவிடாதீர்கள். களையெடுப்பும் மாடு கன்றும் அவர்கள் பார்ப்பது. கைபேசியோ பெரும்பாலும் ஆண்கள் சட்டைப்பையில் இருக்கிறது. மின்னல் எச்சரிக்கை வீட்டிலிருப்பவர் கைபேசிக்கு வந்து, வயலில் குனிந்து நிற்பவருக்குத் தெரியாமல் போனால் என்ன பயன்?

ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் பழைய செயலிகளை மறுபடி பாருங்கள். பயன் குறைந்ததை நீக்கிவிடுங்கள். நீங்கள் முன்பு பரிந்துரைத்ததாயிருந்தால், அதை நிறுத்திவிட்டதையும் ஊராருக்குச் சொல்லுங்கள்.

உழவர் பெருமக்களே! விதையைப் பொறுக்கவும், மாட்டைப் பல் பார்த்து வாங்கவும் தெரிந்தவர்கள் நீங்கள். அந்தக் கண்ணே இதற்கும் போதும். ஒரு நோட்டும் ஒரு தகரக் குவளையும் வாங்க அதிகச் செலவில்லை. உங்கள் ஊரில் நான்கு பேர் சேர்ந்து இந்தப் பட்டத்திலேயே முப்பது நாள் சோதனையைத் தொடங்குங்கள். கண்ட முடிவை மன்றத்தில் வாசித்துக் காட்டுங்கள். உங்கள் வட்டார வேளாண்மை அலுவலருக்கும் தெரிவியுங்கள். உங்கள் வயலில் நீங்களே எழுதிய அந்த நோட்டு, ஆயிரம் நட்சத்திரத்தைவிட உங்கள் ஊருக்கு நம்பகமானதாக இருக்கும் என்று கூறி விடைபெறுகிறேன்.

வணக்கம்.